கணக்கில் வராத வெற்றிகள்

ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை அளப்பதற்கு மூன்று எண்கள் உள்ளன: 28, 125, 2,000. மூன்றும் ஒரே பேஸ்பால் பந்து வீச்சாளர் பெற்ற வெற்றிகளைக் குறிப்பவை. அவர் 1982-இல் காலமானபோது அமெரிக்க மேஜர் லீக்கின் ஏடுகளில் அவர் பெயருக்கு நேரே இருந்தது முதல் எண். அவர் மறைந்து 42 ஆண்டுகளுக்குப் பின், 2024-இல் அதே ஏடுகள் திருத்தப்பட்டபோது எழுதப்பட்டது இரண்டாவது எண். மூன்றாவது, அவர் தாமே தமக்குப் போட்டு வைத்திருந்த கணக்கு. அந்த மனிதர் சாட்செல் பெய்ஜ். அந்த எண்களுக்கு இடையே உள்ள தொலைவுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு.

நாட்டு வருமானக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே ஓர் எச்சரிக்கை விடுப்பது வழக்கம். அங்கீகரிக்கப்பட்ட சந்தையின் வழியாகச் செல்லும் உழைப்பு மட்டுமே கணக்கில் ஏறும். வீட்டில் சமைக்கும் தாயின் உழைப்பு ஏறாது. கணக்கில் ஏறாதது நடக்கவே இல்லை என்று பொருளாகாது. எனினும், நாளடைவில் நாம் அப்படித்தான் நம்பத் தொடங்கிவிடுகிறோம். பெய்ஜின் கதை இந்த எளிய உண்மைக்கு ஒரு மனித முகத்தைத் தருகிறது.

பேஸ்பால் ஆட்டம் நம் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாதது. கிரிக்கெட்டைப் போலவே அதிலும் ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் மட்டையால் அடிக்க முயல்கிறார். ஆனால், பந்து தரையில் பட்டு எழுவதில்லை. சுமார் 18 மீட்டர் தொலைவை நேராகக் கடந்து வருகிறது. ஓர் ஆட்டத்தின் பெரும் பகுதியை ஒரே வீச்சாளர் வீசுவது அக்காலத்தில் இயல்பு. ஆகவே அணியின் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படுகின்றன. நல்ல வீச்சாளரின் கை என்பது அணி உரிமையாளருக்கு ஒரு மூலதனம்.

லீராய் ராபர்ட் பெய்ஜ் 1906 ஜூலை 7 அன்று, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் துறைமுக நகரமான மொபீலில் பிறந்தார். தந்தை தோட்டவேலை செய்தவர்; தாய் லூலா பிறர் வீடுகளில் துணி துவைத்துப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றியவர். சிறுவன் லீராய் ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து காசு ஈட்டினான். ஒரு கம்பில் பல பைகளைக் கோத்து ஒரே நடையில் தூக்கிச் சென்றதால், தோள்பையைக் குறிக்கும் சாட்செல் என்ற பட்டப்பெயர் வந்தது என்பது பிற்காலத்தில் அவர் சொல்லிவந்த விளக்கம். ஒரு பையைத் திருட முயன்று பிடிபட்டதால் வந்த பெயர் அது என்று இளமைக்கால நண்பர் ஒருவர் சொன்னதும் உண்டு. எது உண்மையாயினும், உழைப்பின் அளவுக்கேற்பக் கூலி என்ற பாடத்தை அவர் பள்ளிக்கு வெளியே கற்றார் என்பதில் ஐயமில்லை.

பள்ளிக்குச் செல்லாமல் திரிந்ததும், கடையில் சில்லறைப் பொருள்களைத் திருடியதும் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தின. 1918-இல், 12 வயதில், மவுண்ட் மெய்க்ஸ் என்ற ஊரிலிருந்த கறுப்பினச் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கறுப்பினப் பெண்கள் சங்கத்தினர் முயன்று நிறுவி, பின்னர் மாநில அரசு ஏற்றுக்கொண்ட பள்ளி அது. ஐந்தரை ஆண்டுகள் அங்கே கழிந்தன. எட்வர்ட் பேர்ட் என்ற பயிற்சியாளர் அவருக்குப் பந்து வீச்சின் நுட்பங்களைக் கற்றுத் தந்தார். காலை வானை நோக்கி உயர்த்தி, மட்டை பிடிப்பவரின் பார்வையை மறைத்து, கடைசிக் கணத்தில் பந்தை விடுவிக்கும் முறை அங்கே உருவானது. வெளியிலேயே இருந்திருந்தால் தம் வாழ்க்கை வேறு வழியில் போயிருக்கும் என்று பிற்காலத்தில் அவரே கருதினார். 1923 டிசம்பரில் 17 வயது இளைஞராக வெளியே வந்தபோது அவரிடம் இருந்த ஒரே சொத்து வலது கை.

அந்தச் சொத்தை விற்பதற்கான பெரிய சந்தை மூடப்பட்டிருந்தது. 1884-இல் டொலிடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்பின் 1947 வரை கறுப்பர் எனத் தெரிந்த ஒருவர்கூட மேஜர் லீக்கில் இடம்பெறவில்லை. அதற்கென எழுத்து வடிவில் எந்த விதியும் மேஜர் லீக்கில் இருந்ததில்லை. எழுதப்பட்ட விதியை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதப்படாத விதியை எங்கே சென்று எதிர்ப்பது?

அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1957-இல் வெளியிட்ட தம் நூலில் பாகுபாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். திறமையானவரை நிறத்துக்காக ஒதுக்கும் முதலாளி அதற்கான விலையைத் தாமே கொடுக்கிறார். போட்டி நிறைந்த சந்தையில் அவர் நாளடைவில் பின்தங்குவார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அப்படியானால் பேஸ்பாலில் அந்தத் தடை 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது எப்படி? மேஜர் லீக் ஒரு போட்டிச் சந்தையாக இருக்கவில்லை என்பதே விடை. களத்தில் மோதிக்கொண்ட 16 அணிகள், களத்துக்கு வெளியே ஒரே கூட்டு நிறுவனமாகச் செயல்பட்டன. புதிய அணி உள்ளே நுழைய முடியாது. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்று கூறி ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்தும் அதற்கு விலக்கு அளித்தது. போட்டியே இல்லாத இடத்தில், பாகுபாட்டைக் கரைக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்?

மூடிய கதவுக்கு வெளியே கறுப்பினத்தவர் தங்களுக்கெனத் தனிச் சந்தையை எழுப்பிக்கொண்டனர். 1920-இல் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டரின் முன்முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கப்பட்டது. இன்று தவிர்க்கப்படும் அந்தச் சொல், அன்று அவர்களே தங்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். அதற்குக் கீழே, தென்மாநிலங்களில் சிறிய லீக் ஒன்றும் இயங்கியது. அந்தச் சிறிய லீக்கின் சாட்டனூகா அணியில்தான் 1926-இல் பெய்ஜின் தொழில்வாழ்வு தொடங்கியது. மறு ஆண்டே பர்மிங்ஹாம் அணி அவரை வாங்கிக்கொண்டது.

பர்மிங்ஹாம் உரிமையாளர் ஒரு புதுமையான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். கூட்டம் சேராத ஊர்களின் அணிகளுக்குப் பெய்ஜை ஓரிரு ஆட்டங்களுக்கு வாடகைக்கு விட்டார். வருவாயில் உரிமையாளருக்கு ஒரு பங்கு. பெய்ஜுக்கு ஒரு பங்கு. மக்கள் அணியைப் பார்க்க வரவில்லை, தம்மைப் பார்க்க வருகிறார்கள் என்ற உண்மை அந்த இளைஞருக்கு இதனால் விளங்கிவிட்டது. அவருடைய பிற்கால நடத்தை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

1931-இல் அவர் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிக்குச் சென்றார். அதன் உரிமையாளர் கஸ் கிரீன்லீ, சட்டவிரோத எண் சூதாட்டத்தில் பணம் ஈட்டியவர். வங்கிகள் கறுப்பினத் தொழில்முனைவோருக்குக் கடன் தர மறுத்த காலத்தில், கறுப்பின விளையாட்டுக்கு மூலதனம் கிடைத்த வழிகளில் அதுவும் ஒன்று. கிரீன்லீ சொந்தமாக ஒரு மைதானமே கட்டினார். பெய்ஜ், ஜோஷ் கிப்சன், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் ஆகியோர் ஒரே அணியில் திரண்டனர். ஐவருமே பின்னாளில் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள்.

ஆனால் பெய்ஜ் எங்கும் நிலைத்திருக்கவில்லை. ஊதியத் தகராறு வந்ததும், 1935-இல் வடக்கே நார்த் டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் என்ற சிறு நகரத்துக்குச் சென்றார். நீல் சர்ச்சில் என்ற கார் வணிகர் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடும் ஓர் அணியை நடத்தினார். ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் காலடி வைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதிகம் பேர் அறியாத ஒரு புல்வெளி நகரத்தில் இணைந்த அணி ஒன்று இயங்கியது என்பது கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டு விச்சிடா நகரில் நடந்த முதல் தேசியப் போட்டியில் பிஸ்மார்க் கோப்பையை வென்றது. பெய்ஜ் 60 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். களத்தில் சமமாக நடத்திய அதே ஊரில், வாடகைக்கு வீடு கிடைக்காமல் பழைய ரயில் பெட்டி ஒன்றில் மனைவியுடன் தங்க நேர்ந்ததும் அவர் வரலாற்றில் உண்டு.

1937-இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ரஃபயேல் ட்ருஹியோ தலைநகருக்கே தம் பெயரைச் சூட்டியிருந்தார். அந்நகரின் அணி தோற்பது அவருடைய ஆதரவாளர்களுக்குப் பொறுக்கவில்லை. பெய்ஜும் அவர் அழைத்து வரும் எட்டுப் பேரும் சில வாரங்கள் ஆடுவதற்கு 30,000 டாலர் தருவதாகத் தூதர்கள் வந்தனர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அது கனவிலும் காணாத தொகை. பெய்ஜ் சென்றார், அணி கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அந்தச் சர்வாதிகாரியின் படைகள் ஆயிரக்கணக்கான ஹைட்டி மக்களைக் கொன்று குவித்தன. பணம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று கேட்காத சந்தையில் பெய்ஜ் தம் உழைப்பை விற்றார் என்பதை மறைக்கத் தேவையில்லை.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஒப்பந்தத்தை மதிக்காதவர், நம்பத்தகாதவர், பணத்தாசை பிடித்தவர் என்றெல்லாம் பெய்ஜ் அன்றும் இன்றும் விமர்சிக்கப்படுகிறார். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அவரும் சக வீரர்களும் வெளியேறியது கிரீன்லீயின் முதலீட்டைக் குலைத்தது. 1938 இறுதியில் அந்த மைதானம் இடிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் தங்கள் பணத்தில் எழுப்பிய நிறுவனங்கள் நலிவதற்குப் பெய்ஜும் ஒரு காரணமானார்.

ஆயினும் அவர் பக்கத்து நியாயத்தையும் எடைபோட வேண்டும். அன்று வெள்ளையின வீரர்கள் ரிசர்வ் விதி என்ற விலங்கால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓர் அணியில் கையெழுத்திட்டவர், உரிமையாளர் விடுவிக்கும்வரை வேறு அணிக்குப் போக முடியாது. அந்த விதி 1975-இல்தான் தகர்ந்தது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெய்ஜை அந்த விலங்கு தீண்டவில்லை. நீக்ரோ லீக் ஒப்பந்தங்களை வலுவாக அமல்படுத்தும் ஆற்றல் யாருக்கும் இல்லாததால், தமக்கு எங்கே மதிப்போ அங்கே அவரால் செல்ல முடிந்தது. இதன் விளைவாக வெள்ளையின வீரர்களில் பெரும்பாலோரைவிட அதிக வருவாயை அவர் ஈட்டினார். நாளைக்கு உத்தரவாதம் இல்லாதவன், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? ஓய்வூதியம் கிடையாது, காப்பீடு கிடையாது, கை ஓய்ந்தால் சோறு இல்லை. அந்த நிலையில் விசுவாசம் என்பது ஒருதலையான கடமையாகவே இருந்திருக்கும்.

கை ஓயும் நாளும் வந்தது. 1938-இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது தோளில் கடும் வலி ஏற்பட்டு, கையைத் தூக்கவே இயலாத நிலை உண்டானது. இனிப் பந்து வீச முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். 32 வயதில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றிய வேளையில் அவரை அழைத்தவர் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே.எல்.வில்கின்சன். நீக்ரோ லீக்கின் வெள்ளையின உரிமையாளர். மேஜர் லீக் அணிகள் இரவு ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1930-இல், லாரிகளில் விளக்குகளை ஏற்றிச் சென்று ஊர் ஊராக இரவு ஆட்டம் நடத்திக் காட்டியவர் அவர். வீச முடியாத வீச்சாளரின் பெயருக்கே கூட்டம் சேரும் என்று கணக்கிட்டு, அவர் பெயரில் இரண்டாம் நிலை அணியொன்றைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். பெய்ஜ் முதல் காவலில் நின்றும், மெதுவாகப் பந்தை வீசியும் காலம் கடத்தினார். 1939-இன் ஊடே ஒருநாள் வலி நீங்கியது, வேகம் திரும்பியது.

வேகம் குறைந்த நாள்களில் கற்ற வளைவுப் பந்துகளும் தடுமாற வைக்கும் அசைவுகளும் இப்போது வேகத்துடன் சேர்ந்துகொண்டன. 1942-இல் மோனார்க்ஸ் அணி, ஜோஷ் கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை நீக்ரோ உலகத் தொடரில் வீழ்த்தியது. வலிமை மிக்க கிப்சனை எதிர்கொள்வதற்காகவே மற்றவர்களை வேண்டுமென்றே முன்னேற விட்டு, பின்னர் அவரை மூன்றே பந்துகளில் பெய்ஜ் வெளியேற்றினார் என்ற கதை அத்தொடரிலிருந்து பிறந்தது. ஆய்வாளர்கள் விவரங்களில் மாறுபடுகிறார்கள். அதை நேரில் கண்டவர்கள் சொல்லி ஓயவில்லை.

பெய்ஜின் திறமையை மேஜர் லீக் அறியாமல் ஒதுக்கியது என்று சொல்ல முடியாது. பருவம் முடிந்த பின் வெள்ளையின நட்சத்திரங்களும் கறுப்பின நட்சத்திரங்களும் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடி வருவாயைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். 1934-இல் 30 வெற்றிகள் பெற்ற டிஸ்ஸி டீனுக்கு எதிராகப் பெய்ஜ் வீசினார். யாங்கீஸ் அணியில் சேருமுன், 1936-இன் தொடக்கத்தில் ஜோ டிமாஜியோ கலிபோர்னியாவில் அவரை எதிர்கொண்டார். 1946-இல் பாப் ஃபெல்லருடன் விமானங்களில் நாடு முழுவதும் பறந்து ஆடினார். சந்தையில் தகவல் குறைபாடு இல்லை. பொருளின் தரத்தை அனைவரும் சோதித்துப் பார்த்திருந்தனர். இருந்தும் வாங்கவில்லை.

1945-இல் புருக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி அந்தத் தடையை உடைக்க முடிவு செய்தபோது தேர்ந்தெடுத்தது பெய்ஜை அல்ல. அவருடைய மோனார்க்ஸ் அணியில் ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த ஜாக்கி ராபின்சனை. பல்கலைக்கழகத்தில் படித்தவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர், 26 வயது. பெய்ஜுக்கோ 39. இருபது ஆண்டுகள் கதவைத் தட்டியவருக்குப் பதிலாக இளையவர் அழைக்கப்பட்டது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களமிறங்கினார். அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, ஜனவரியில், ஜோஷ் கிப்சன் 35 வயதில் இறந்துபோயிருந்தார்.

பெய்ஜுக்கு அழைப்பு 1948-இல் வந்தது. கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் பில் வீக், ஜூலை 7 அன்று, அவருடைய 42-ஆம் பிறந்த நாளில் ஒப்பந்தம் செய்தார். வயதானவரை விளம்பரத்துக்காகச் சேர்த்து விளையாட்டை இழிவுபடுத்துகிறார் என்று பத்திரிகை விமர்சனம் எழுந்தது. விடையைப் பெய்ஜின் கை சொன்னது. அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியில் 6 வெற்றி, 1 தோல்வி. அவர் தொடக்க வீச்சாளராக இறங்கிய முதல் மூன்று ஆட்டங்களுக்கு வாஷிங்டனை எதிர்த்து 72,434 பேரும், சிகாகோ நகரில் 51,013 பேரும், மீண்டும் கிளீவ்லாந்தில் 78,382 பேரும் வந்தனர். மூன்று ஆட்டங்களில் 2 லட்சத்துக்கும் மேல். கிளீவ்லாந்து அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. அத்தொடரில் பந்து வீசிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் பெய்ஜுக்குக் கிடைத்தது. ஒதுக்கலின் விலையை உரிமையாளர்கள் எத்தனை ஆண்டுகளாக டிக்கெட் வருவாயில் இழந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அந்த வெற்றியிலும் ஓர் இழப்பு ஒளிந்திருந்தது. ராபின்சனுக்காக மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி எந்தத் தொகையும் தரவில்லை. ஆட்டக்காரர்கள் போனதும் பார்வையாளர்களும் போனார்கள். 1948 பருவத்துடன் நீக்ரோ நேஷனல் லீக் முடிவுக்கு வந்தது. கதவு திறந்தது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே; கறுப்பின உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் நடுவர்களுக்கும் அல்ல. மேஜர் லீக்கில் ஒரு கறுப்பினத்தவர் மேலாளராவதற்கு 1975 வரை காத்திருக்க நேர்ந்தது.

வீக் அணியை விற்றதும் பெய்ஜ் வெளியேற்றப்பட்டார். வீக் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை வாங்கியதும் மீண்டும் அழைக்கப்பட்டு, 1951 முதல் 1953 வரை ஆடினார். அந்த அணியும் கைமாறியபோது வெளியேற்றம். மேஜர் லீக்கில் அவருடைய இடம் ஒரு நிறுவனத்தின் நீதியுணர்வைச் சார்ந்திருக்கவில்லை. ஒரு தனிமனிதரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது.

ஐம்பதாவது வயதில் அவர் மைனர் லீக்குக்குப் போனார். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் மயாமி மார்லின்ஸ் அணியில் 1956-இல் 11 வெற்றி, 4 தோல்வி. அந்த ஆகஸ்டில் ஆரஞ்சு பவுல் அரங்கில் அவர் வீசிய ஆட்டத்துக்கு 57,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர்; மைனர் லீக்கில் அதுவரை காணாத கூட்டம். மூன்று பருவங்களில் 31 வெற்றிகள், 22 தோல்விகள். பேரனைக் கொஞ்சும் வயதில், இருபது வயது இளைஞர்களை அவர் வெளியேற்றிக்கொண்டிருந்தார். 1887-இல் கறுப்பினத்தவருக்குப் புதிய ஒப்பந்தம் தருவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்ததும் இன்டர்நேஷனல் லீக் என்ற பெயர் கொண்ட அமைப்புதான் என்பது வரலாற்றின் முரண்.

1965 செப்டம்பர் 25 அன்று கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி அவரை ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அழைத்தார். களத்தின் ஓரத்தில் சாய்ந்தாடும் நாற்காலியும் உதவிக்கு ஒரு செவிலியும். வேடிக்கைக் காட்சியாகத் திட்டமிடப்பட்டது அது. 59 வயதான பெய்ஜ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் வீசி, ஒரு ரன்கூடத் தராமல் திரும்பினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. மேஜர் லீக் ஓய்வூதியத்துக்கு அன்று ஐந்து ஆண்டுப் பணிக்காலம் தேவைப்பட்டது. அவருக்கு 158 நாள்கள் குறைந்தன. நாற்பதாண்டுகள் பந்து வீசியவருக்கு 158 நாள்கள் பற்றாக்குறை! தடை இல்லாதிருந்தால் 21 வயதிலேயே தொடங்கியிருக்கக்கூடிய பணிக்காலம் அது. தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி அணி அணியாகக் கேட்டார். கடைசியில் 1968 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி, தலைவர் வில்லியம் பார்த்தலமேயின் முடிவால், 62 வயதில் அவரைப் பணியில் அமர்த்தி அந்த நாள்களைப் பூர்த்தி செய்ய வழிசெய்தது. நற்செயல்தான், நன்றிக்குரியதுதான். ஆனால், உரிமையாக வந்திருக்க வேண்டியது கருணையாக வந்தது.

மரியாதையும் அவ்வாறே அரைகுறையாக வந்தது. பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே விடாமல் தடுத்தவர்களே, உள்ளே எத்தனை ஆண்டு இருந்தாய் என்று கேட்டார்கள். 1966-இல் வெள்ளையின நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ், தமக்கு அந்தச் சிறப்பு அளிக்கப்பட்ட மேடையிலேயே பெய்ஜையும் கிப்சனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்றார். 1971-இல் பெய்ஜ் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நீக்ரோ லீக் வீரர்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்குவதாக முதலில் அறிவித்தார்கள். வாழ்நாள் முழுவதும் தனி வாசல், தனி இருக்கை, தனி லீக். இறுதியில் புகழிலும் தனி அறையா? பொதுமக்களின் கண்டனத்தால் அம்முடிவு கைவிடப்பட்டு, மற்றவர்களுக்குச் சமமாக அவர் அமர்த்தப்பட்டார்.

1982 ஜூன் 5 அன்று கான்சஸ் சிட்டியில் அவர் பெயர் தாங்கிய மைதானத்தின் விழாவில் சக்கர நாற்காலியில் கலந்துகொண்டார். மூன்று நாள்கள் கழித்து, ஜூன் 8 அன்று காலமானார்.

அவருக்குப் பின்னும் கணக்கு முடியவில்லை. கறுப்பின வாரப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடியெடுத்து, ஆட்டம் ஆட்டமாக எண்ணிச் சேர்க்கும் பணியில் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் ஈடுபட்டனர். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தகுதி உடையவையே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024-இல் 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் ஆட்டங்கள் பொது ஏட்டில் சேர்ந்தன. பெய்ஜின் வெற்றிகள் 125 ஆயின. ஜோஷ் கிப்சன் வாழ்நாள் மட்டையாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றார்.

மீதி? சிற்றூர்த் திடல்களிலும், டொமினிகன் வெயிலிலும், கலிபோர்னியக் குளிர்காலத்திலும், வாடகைக்குச் சென்ற ஒருநாள் அணிகளிலும் அவர் பெற்ற வெற்றிகள் எந்தப் பொது ஏட்டிலும் இல்லை. 2,000 என்பதில் அவருக்கே உரிய மிகை கலந்திருக்கலாம். ஆனால் தம் கணக்கைத் தாமே எழுதிக்கொள்ளும் நிலைக்கு ஒருவரைத் தள்ளியவர்கள், அக்கணக்கில் பிழை இருக்கிறது என்று குறை கூறும் தகுதியை இழந்துவிடுகிறார்கள்.

பாகுபாடு ஒருவரின் கூலியைக் குறைக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. பெய்ஜின் கூலி குறையவில்லை. அவர் அதைத் தம் சாமர்த்தியத்தால் பெற்றுக்கொண்டார். அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை வேறு: பணிக்காலம், ஓய்வூதியம், ஏட்டில் ஒரு வரி. இவை மூன்றும் ஒரு நிறுவனத்தின் உள்ளே இருப்பவருக்கு மட்டுமே கிடைப்பவை. திறமையால் கூலியை வென்றெடுக்கலாம். பதிவேட்டை வென்றெடுக்க முடியாது. சமவாய்ப்பு பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கதவு திறந்த நாளை மட்டும் கொண்டாடுகிறோம். கதவு மூடியிருந்த ஆண்டுகளை யாருடைய பணிக்காலத்தில் சேர்ப்பது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறோம்.

பெய்ஜுக்கு அந்த 158 நாள்களைத் தர ஓர் அணித் தலைவர் கிடைத்தார். 125 வெற்றிகளைத் தேடிக் கொடுக்க ஆய்வாளர்கள் கிடைத்தார்கள். காரணம், அவர் சாட்செல் பெய்ஜ். அவருடன் அதே பேருந்துகளில் பயணம் செய்து, அதே திடல்களில் ஆடிய எத்தனையோ பேருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்து எழுதப்படும்வரை அந்த ஏடு முழுமையடையாது.